நோய் வந்தது உங்கள் மீனால் அல்ல, அக்கா

என் பிலோமி அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நேற்று நாற்பத்தோராம் நாள். உங்கள் கோயிலில் பூசை வைத்தார்கள், நானும் போயிருந்தேன். நான் புராட்டஸ்டன்ட் சபைக்காரி, உங்கள் பூசையில் எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது என்று தெரியவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர் இருமுவதற்குக் குனிந்தபோது நானும் குனிந்துவிட்டேன். நீங்கள் பார்த்திருந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

நமக்குள் கடிதம் எழுதிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு? அடுக்களையில் நின்று "சிஸ்டரே" என்று நீங்கள் ஒரு சத்தம் கொடுத்தால் மருந்து அறையில் என் கை நின்றுவிடும். இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது. இதை உங்களுக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு வைத்தால் போதாது. பழியை ஊர் பார்க்கத்தான் உங்கள் தலையில் வைத்தார்கள், இறக்கும்போதும் ஊர் பார்க்க வேண்டும்.

முதலில் ஹோம் விசேஷங்களைச் சொல்லிவிடுகிறேன். இப்போது இருபத்துநான்கு பேர் இருக்கிறார்கள். தெற்குப் பக்கத்து ஓடு மாற்றியாயிற்று. செல்லபாய் அம்மாவுக்கு மறதி இன்னும் கூடிவிட்டது. தன் பிள்ளைகள் பெயர் போய்விட்டது, உங்கள் பெயர் மட்டும் நிற்கிறது. தினமும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பிலோமிக்கு இண்ணைக்கும் லீவா?" என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்கிறோம். வேறு என்ன சொல்வது?

உங்களை அறியாத யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அருமனையிலிருந்து உள்ளே போனால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு முதியோர் இல்லம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, இங்கே படுத்திருக்கும் அப்பா அம்மாக்களின் இடம். நாங்கள் ஹோம் என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு வருஷம் குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த நான் அங்கே பொறுப்பு சிஸ்டர். பிலோமினா அக்கா சமையல். கடப்புறத்து மீனவர் வீட்டில் பிறந்து, ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்த கத்தோலிக்கப் பெண். ஹோமை நடத்துகிறவர்களும் இருக்கிறவர்களும் அநேகமாக எங்கள் சபைக்காரர்கள். அதில் நீங்கள் ஒருவர் மட்டும் தனி.

ஆட்கள் முன்னால் என்னை "நீங்க" என்பீர்கள். தனியாக இருக்கும்போது "நீ". கோபம் வந்தால் "ஏட்டி". உங்களைவிட எட்டு வயது சின்னவளான எனக்கு அந்த "ஏட்டி" பிடிக்கும். குவைத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், மழை விடாமல் பெய்த அந்த மாதத்தில், நம் ஹோமுக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் புகுந்தது. பதினேழு பேர் விழுந்தார்கள். அதில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தங்கையன் சார் இறந்துபோனார். நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்தான் காரணம் என்று சொல்லி உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது வேறு. உங்களோடு சேர்த்து அதையும் புதைத்துவிடலாம் என்றுதான், உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை களியக்காவிளையில் என் மாமன் மகளுக்குக் கல்யாணம். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்கு வாந்தி தொடங்கியது. பணியாளர்கள் குளியலறையில் ஐந்து தடவை எடுத்தேன். நீங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நனைந்த சேலையை நானே அலசுகிறேன் என்று எழுந்தவளை, "சும்மா கெட" என்று அதட்டிப் படுக்க வைத்துவிட்டு நீங்களே அலசிப் போட்டீர்கள். சனிக்கிழமை வீட்டில் கஞ்சித்தண்ணீர் குடித்துப் படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

மருந்து அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்குமே, நினைவிருக்கிறதா? வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த பணியாளர், அது நின்று இரண்டு முழு நாள் கழியாமல் உள்ளே வரக் கூடாது என்று. அதை எழுதி ஒட்டியவள் நான். சின்ன ஆயாக்கள் யாராவது லேசாக வயிற்றைப் பிடித்தால் போதும், அந்தத் தாளைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு வந்தபோது அந்தத் தாள் கண்ணில் படவில்லை.

ஏன் என்றால் அது மாதத்தின் முதல் ஞாயிறு. போதகர் வந்து ஹோமில் அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து கொடுக்கும் நாள். கோயிலில் என்றால் போதகர் தரும் சமாதானத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் கடைசி வரிசை வரை கொண்டுபோவார்கள். கூப்பிய கையை அடுத்தவர் தன் இரண்டு கைக்குள் வைத்துப் பிடித்துவிட்டு விடுவார். ஹோமில் பாதிப்பேர் கட்டிலை விட்டு எழும்ப முடியாதவர்கள். அதனால் போதகரிடம் நான் வாங்குவேன், வாங்கிக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அது நான் தொடங்கிவைத்த வழக்கம்.

அவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள் அக்கா. காலையிலேயே முகம் கழுவி, பவுடர் போட்டு, போர்வைக்கு மேலே கையை எடுத்து வைத்துக்கொண்டு. வருஷக்கணக்கில் பிள்ளைகள் தொடாத கைகள். ஊசி போடவும் துடைக்கவும் அல்லாமல் ஒருவர் வந்து கையைப் பிடிப்பது மாதத்தில் அந்த ஒரு நாள்தான். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. நான் போகாவிட்டால் அந்த ஞாயிறே நடக்காது என்று நினைத்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், என்னைத் தவிர வேறு யாரும் அதைச் செய்வதும் எனக்குப் பிடிக்காது.

கைக்கு சானிடைசர் தேய்த்துக்கொண்டேன். கொரோனா காலத்திலிருந்து வாசலில் தொங்குகிற பாட்டில். அதைத் தேய்த்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்று ஆயா முதல் போதகர் வரை நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்த வயிற்று நோய்க்கிருமியை அது சரியாகக் கொல்லாது, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில்தான் தேய்த்துக் கழுவ வேண்டும். படித்தவள்தான், மறந்துபோனேன். இருபத்திரண்டு பேருக்குச் சமாதானம் கொடுத்தேன். தங்கையன் சாருக்கு மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் ஆகாரம். அவர் உதட்டில் போதகர் ஒரு துளி ரசம் தொட்டு வைத்தார். வழிந்ததைத் துடைத்துவிட்டது என் விரல்.

நீங்கள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காலைப் பூசை முடிந்து, எப்போதும்போல முதல் ஞாயிறுக்கென்று வீட்டில் வைத்த சாளை மீன் புளிமுளக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சுமந்து வந்திருந்தீர்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்று விதி. ஆனால் அந்தக் கிழங்கையும் மீனையும் கண்டால் பல் இல்லாத வாய்கள்கூடச் சிரிக்கும் என்பதால் நான் கண்டும் காணாமலும் விடுவேன். மற்றவர்களோடு நீங்களும் உட்கார்ந்து அதே மீனைச் சாப்பிட்டீர்கள். எங்கள் திருவிருந்தில் நீங்கள் சேருவதில்லை, சமாதானமும் வாங்குவதில்லை. அந்த வாரம் முழுவதும் உங்களுக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

திங்கள் மத்தியானம் முதலில் வாந்தி எடுத்தவர் தங்கையன் சார். குழாயில் ஆகாரம் போகிற மனிதர், மீனின் வாசனையைத் தவிர வேறொன்றும் அறியாதவர். அவர் பெயர்தான் முதலில் என்று நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. சாயங்காலத்துக்குள் ஐந்து பேர். செவ்வாய் விடியும்போது பதினொன்று. அந்த நோட்டை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் மீன் போதுமாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹோம் கமிட்டிச் செயலாளர் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்தக் கடப்பொறத்து மீன உள்ள கொண்டுவர விட்டது ஆரு சிஸ்டர்?" என்று கேட்டார். மீன் என்று மட்டும் சொன்னால் போதாதா? கடப்புறம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. உங்களைக் கூப்பிட்டு, இனி இந்த வாசல் ஏற வேண்டாம் என்றார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் கஞ்சி இருக்கிறது, அடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அன்று மத்தியானம் சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுக்காரர், வேலையை ஒழுங்காகச் செய்தார். தண்ணீர் எடுத்தார். மீன் சட்டி கழுவியாயிருந்ததால் அதில் எடுக்க ஒன்றும் இல்லை. பிறகு பணியாளர்களை ஒவ்வொருவராக மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். என்னிடமும் கேட்டார். "போன ஒரு வாரத்துல உங்களுக்கு வாந்தி, வயித்துப்போக்கு ஏதாவது இருந்துதா சிஸ்டர்?"

"இல்ல சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை அக்கா. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், நானும் போய்விட்டேன். எனக்குப் பின்னால் சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

புதன்கிழமை ஆறு பணியாளர்களில் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள், ஒருத்தி பயந்துபோய் வரவில்லை. பதினேழு நோயாளிகள், நானும் இன்னொரு ஆயாவும். ஒருவரைத் துடைத்து முடிக்குமுன் அடுத்தவர். கழுவித் தீராத விரிப்புகள் பின்முற்றத்தில் குவிந்து கிடந்தன. காலை பத்து மணி இருக்கும், பின்வாசல் கதவு திறந்தது. இரண்டு பட்டை சோப்பும் ஒரு கட்டுப் பழஞ்சேலையுமாக நீங்கள் வந்து நின்றீர்கள்.

"உங்கள வரச் சொன்னது ஆரு அக்கா?"

"ஆரும் விளிக்கல்ல. எனக்க காலு இங்கதான் வருது, நான் என்ன செய்ய? துணி அவிக்க அந்தப் பெரிய வார்ப்ப எங்க வச்சிருக்கு? தீ மூட்டட்டு."

அதற்குப் பிறகுதான் எனக்குத் தலை வேலை செய்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பெரிய ஹாலின் நடுவே கயிறு கட்டி நீலத் தார்ப்பாயைத் தொங்கவிட்டோம். இந்தப் பக்கம் தீனம் வந்த நோயாளிகள், அந்தப் பக்கம் மற்றவர்கள். இந்தப் பக்கம் வேலை செய்கிறவர் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. நோயாளிகளின் வாளி, கப்பு, தட்டு எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்டினோம். உங்கள் பழஞ்சேலை ஒன்று அதற்கே தீர்ந்தது. சானிடைசர் பாட்டிலைக் கழற்றிக் கீழே வைத்தேன். வாசலுக்கு வாசல் சோப்பும் தண்ணீர்க் குடமும் வந்தன. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையும் கட்டில் கம்பியும் கதவுப் பிடியும் துடைத்தோம்.

அந்தப் பக்கம் இருந்த ஐந்து பேரை ஆயாவிடம் விட்டோம். இந்தப் பக்கம் நீங்களும் நானும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும், மடக்கென்று கொடுத்தால் திரும்பி வந்துவிடும். ஒருவருக்கு ஒரு கரண்டி, அடுத்தவருக்கு ஒரு கரண்டி, கடைசிக் கட்டிலுக்குப் போனதும் மறுபடி முதல் கட்டில். யார் எவ்வளவு குடித்தார், எத்தனை தடவை போனார், சிறுநீர் இறங்கியதா, எல்லாம் நோட்டில் எழுதினேன். நாக்கு வறண்டவர்களுக்கு ட்ரிப் போட்டேன்.

சாயங்கால ஜெபத்துக்கு ஒன்றாகக் கூட வேண்டாம் என்று சொன்னபோதுதான் பெரிய சண்டை வந்தது. செல்லபாய் அம்மா கட்டிலிலிருந்து இறங்கி இறங்கி ஓடினார், எல்லார் கையையும் பிடிக்க வேண்டும் என்று. நான் கத்தினேன். என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே. நீங்கள் அவரைத் தடுத்து, "அம்மா, கைய நீட்டாதீங்க, நம்ம ரெண்டு பேருக்கும் கை நீளம்ணு திருட்டுப் பட்டம் கெட்டிருவாவ" என்று ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துப் படுக்க வைத்தீர்கள். அவர் தூங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கைப்பிடிப்பை அவருக்குப் பழக்கியது யார்?

வியாழக்கிழமை தங்கையன் சாருக்கு மூச்சு இழுத்தது. குழாய் ஆகாரம் வாந்தியாகி நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் கையைத் தேடினார். பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவர் மகன் களியக்காவிளையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், அடக்கம் முடிந்த மறுநாள் வந்தார். அவருக்கும் யாரோ மீன் கதையைச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் பின்முற்றத்தில் விரிப்பு அவித்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டுக்கு வெளியே நின்று அவர் கத்தினார். "எனக்க அப்பன் ஊருக்கெல்லாம் எழுத்து சொல்லிக் குடுத்தவரு. உனக்க அழுகின மீனுக்கு அவரப் பலி குடுத்துட்டியே. நீயும் உனக்க சந்ததியும் வெளங்கமாட்டீங்க." இன்னும் சொன்னார். எழுத முடியாததையும் சொன்னார். நீங்கள் கையில் துணி புரட்டும் துடுப்போடு நின்றபடி, "எனக்கும் சங்கடம் உண்டு மக்கா" என்றீர்கள். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றேன்.

அவர் போன பிறகு உங்களிடம் வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன், செயலாளருக்கு இப்போதே போன் செய்யப் போகிறேன் என்றேன். நீங்கள் வார்ப்பில் கொதிக்கிற துணியைப் புரட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

"வெள்ளிக்கிழம உனக்க சேலைய அலசினது நானாக்கும். எனக்குத் தெரியாதா? அண்ணைக்கே தெரியும்."

"அப்ப நீங்க ஏன் வாயத் திறக்கல்ல?"

"ஏட்டி, இப்பம் நீ சொன்னா உன்னத்தான் மொதல்ல வெளிய அனுப்புவாவ. நீ போனா இந்தக் கெடக்கிறதுகளுக்கு ட்ரிப்பு போட ஆரு இருக்கா? நானா போடப்போறேன்?"

"உங்க பேரு போவுதே அக்கா."

"எனக்க பேர வச்சு நான் என்ன, கடையா நடத்தப்போறேன்? எனக்கு வேற ஒரு அடுக்கள கிட்டும். தீனம் தீரட்டு. பெறவு பாப்பம்."

சரி என்றேன். அந்தச் சரியில் நியாயமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. எது கூட இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். பதினாறு பேர் கட்டிலில் இருந்தார்கள், நர்ஸ் நான் ஒருத்திதான், அதெல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் அப்படிச் சொன்னதும் கையில் எடுத்த போனைத் திருப்பி வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் எனக்குப் பசித்தது.

பதினொரு நாளில் நோய் நின்றது. மீதிப் பதினாறு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். தார்ப்பாயை அவிழ்த்தோம். ஸ்தோத்திர ஜெபம் வைத்து, உதவி செய்தவர்கள் பெயரையெல்லாம் செயலாளர் வாசித்தார். தண்ணீர் லாரிக்காரர் பெயர்கூட இருந்தது. உங்கள் பெயர் இல்லை. நோய் தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று நாம் வைத்திருந்த நேரம் அதுதான். என் பெயரை வாசித்துச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். ஆபத்துக்கு வந்து நின்றதோடு சரி, வேலைக்கு இனி வர வேண்டாம் என்று மறுநாள் உங்களிடம் சொன்னார்கள்.

அதன்பிறகு நீங்கள் ஒரு லாட்ஜ் அடுக்களையில் பாத்திரம் தேய்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சமைக்க விடவில்லை, கதை அங்கேயும் போயிருந்தது. நான் பார்க்க வந்தபோதெல்லாம் செல்லபாய் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள், கட்டன்சாயா போட்டுத் தந்தீர்கள். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள் எடுக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் எடுப்பேன் என்று நீங்கள் காத்திருந்தீர்களா அக்கா?

பிறகு ஒரு நாள் நெஞ்சுவலி என்றார்கள். போவதற்குள் முடிந்துவிட்டது. கல்லறையில் எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். "இந்த அம்மையாக்கும் முன்ன ஒரு ஹோம்ல மீன் குடுத்து ஆளு செத்தது." மண்ணுக்குள் இறங்குகிற வரைக்கும் அது உங்கள் கூடவே வந்தது. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுகையில் சொல்ல முடியவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து உங்கள் மகள் ஷீபா ஆயா வேலை கேட்டு ஹோமுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். செயலாளர் பெயரைப் பார்த்துவிட்டு, "அவளுக்க மகளா? ஒருக்க பட்டது போராதா?" என்று தாளைக் குப்பைக்கூடையில் போட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் போன பிறகு அந்தத் தாளை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் மறைத்து வைக்க முடியவில்லை.

மறுநாள் பஸ் ஏறிக் குலசேகரம் போனேன். ஷீபா வீட்டு முற்றத்தில் கொடியில் ரப்பர் ஷீட் விரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. கல்யாணச் சாப்பாட்டிலிருந்து சால்வை வரைக்கும் நின்றபடியே சொன்னேன். அவள் கையில் இருந்த ஷீட்டை விரித்து முடித்தாள். இன்னொன்றையும் எடுத்து விரித்தாள்.

"அம்மைக்கு இது தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே." ஷீட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்க மாமியார் ரெண்டு வருசமா நான் வச்ச கறிய வாயில வைக்கமாட்டாவ. அம்மைக்க கைப்பழக்கம் எனக்கும் இருக்கும்ணு. பிள்ளைக்கு வயிறு வலிச்சாலும் எனக்க மூஞ்சியத்தான் பாப்பாவ. அம்மைக்கு சங்கடமாவும்ணு நான் இத வீட்டுல போய்ச் சொன்னதில்ல."

அக்கா, அந்த இடத்தில் எனக்கு உங்கள்மேலும் கோபம் வந்தது. உங்கள் பெயர், உங்கள் இஷ்டம் என்று தூக்கிக் கொடுத்தீர்கள். அது உங்களுடையது மட்டும்தானா? உங்கள் பெயரில் ஒருத்தி பிறந்து வளர்ந்து இன்னொரு வீட்டு அடுப்பில் நிற்கிறாளே, அவளிடம் கேட்டீர்களா? நானும் கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவள் சொத்தை எடுத்துச் செலவழித்திருக்கிறோம்.

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். "அம்மை உங்களுக்கு மன்னிச்சிருக்கும். அது அம்மைக்க காரியம். எனக்கு இப்பம் ஒண்ணும் வரல்ல சிஸ்டர்" என்றாள். மாமியார் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருந்தார். மருமகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இதச் சொல்ல ரெண்டு வருசம் வேணுமா உங்களுக்கு?" என்றார். அவரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

அன்றே செயலாளர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "செத்தவங்களுக்கு இனி பேரு எதுக்கு சிஸ்டர்? இருக்கிய ஹோமுக்குப் பேரு வேண்டாமா?"

"ஷீபா இருக்கா சார்" என்றேன்.

இதை வெளியே எழுதக் கூடாது என்றார். எழுதுவேன் என்றேன். வருகிற வாரம் கமிட்டி கூடுகிறது. என்னை வைத்திருக்கலாம், அனுப்பலாம். அனுப்புவதானால் இன்னொரு நர்ஸ் வந்து சேர்ந்த பிறகு அனுப்புங்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஷீபாவின் தாளையும் அதோடு வைத்தேன். அவளுக்கு இனி அந்த வேலை வேண்டாமாம். அவள் சொல்லி அனுப்பிவிட்டாள். அது அவள் இஷ்டம்.

முதல் ஞாயிறு இப்போதும் வருகிறது. போதகர் இப்போது கை கூப்பி வணங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார். நான் திருவிருந்துக்கு முன் ஒவ்வொரு கட்டிலுக்கும் சோப்பும் வெந்நீரும் கொண்டுபோய் அவர்கள் கையை விரல் விரலாகக் கழுவித் துடைக்கிறேன், கழுவுமுன் என் கையையும். அவர்களுக்கு அதுவும் பிடித்திருக்கிறது. தங்கையன் சாரின் கட்டிலில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அந்தக் கட்டிலுக்குப் போகும்போது மட்டும் எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.

இனி ஒருவர்தான் பாக்கி, அக்கா. தங்கையன் சாரின் மகன். தகப்பன் எப்படிச் செத்தார் என்று தெரிய வேண்டியவர் அவர்தான், அவரிடம்தான் நான் கடைசியாகப் போகிறேன். அந்தப் பயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். கேட்டுக்கு வெளியே நின்று அவர் உங்களை நேரில்தான் பேசினார். நானும் நேரில்தான் போக வேண்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் களியக்காவிளைக்குப் போகிறேன். கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன். என் பெயரைச் சொல்வேன், அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குவேன், எதையும் விடமாட்டேன். அவர் அடிக்க வந்தாலும் சொல்லி முடிக்காமல் நகரமாட்டேன். அன்று அவர் உங்களைப் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் எனக்கு வர வேண்டியது. போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் அக்கா.

இரண்டு வருஷம் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற தங்கை,
ஸ்டெல்லா